புது டேங்க் கட்டுறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள இருக்குற குழாயைப் பாருங்க: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஆணையர் அவர்களுக்கும், நகராட்சி பொறியாளர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவருக்கும், எல்லா வார்டு உறுப்பினர்களுக்கும்,

போன மாசம் நடந்த நகர்மன்றக் கூட்டத்துல, நம்ம ஊருக்கு இன்னொரு மேல்நிலைத் தொட்டி கட்டவும் நீரேற்று நிலையத்துல இப்ப ஓடுற மோட்டாரை எடுத்துட்டு பெரிய ஹெச்பி மோட்டார் போடவும் தீர்மானம் போட்டிருக்கீங்க. கடைக்கோடி பகுதிகளுக்கு குடிநீர் போய்ச் சேரலைங்குறதுதான் அதுக்கு நீங்க சொன்ன காரணம். அந்தக் கடைக்கோடியில குடியிருக்குறவ நான். இந்தத் தொட்டியால எங்க தெருவுக்கு தண்ணி வராது. கோவத்துல சொல்லல, அளந்து பார்த்து கணக்குப் போட்டுட்டு சொல்றேன். அந்தக் கணக்கைத்தான் இதுல வைக்கிறேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

சிவில் டிப்ளமோ முடிச்சுட்டு, குடிநீர் திட்டங்களுக்கு டிராயிங் போட்டுக் குடுக்குற ஒரு ஆபீஸ்ல கல்யாணத்துக்கு முன்னாடி பல வருஷம் வேலை பார்த்தவ நான். அதனால குழாய், வால்வு, ஹெட்டு (தண்ணியோட பிரஷரை மீட்டர் உயரத்துல சொல்றது)ன்னு பேசுறது எனக்கு புதுசு இல்ல. ஆனா டிராயிங்ல "முனை"ன்னு ஒரு புள்ளி வச்சுட்டுப் போற இடத்துல மனுசங்க எப்படி தண்ணி புடிக்குறாங்கன்னு இங்க வாழ வந்த பிறகுதான் முழுசா தெரிஞ்சுது.

எங்க தெருவுல வாரத்துக்கு ஒருக்கா தண்ணி, சில நேரம் பத்து நாள் ஆகும், அதுவும் நடுராத்திரிக்கு மேல. குழாய்ல வேகம் இல்லாததால எல்லா வீட்டு வாசல்லயும் முட்டி ஆழத்துக்கு மேல குழி தோண்டி, வீட்டு இணைப்புக் குழாயை தரைக்கு கீழயே வெட்டி விட்டிருக்கோம். அந்தக் குழிக்குள்ள ஒருத்தர் இறங்கி குந்தி உக்காந்து, சொட்டு சொட்டா வர்றதை கிண்ணத்துல புடிச்சு குடத்துல ஊத்தி, குடம் நிறைஞ்சதும் மேல நிக்குறவங்க கையில தூக்கிக் குடுக்கணும். எங்க வீட்டுல இறங்குறது நான், மேல நிக்குறது எங்க அத்தை. முட்டி வலியோட இருக்குற அவங்களை படுக்கச் சொன்னா கேக்க மாட்டாங்க, ஏன்னா தண்ணி நின்னுடுச்சுன்னா அடுத்த வாரம்தான். முதல்ல கொஞ்ச நேரம் வர்றது கலங்கலா வாடையோட இருக்கும், அதை கீழ விட்டுட்டுத்தான் புடிக்கணும், வர்றதே கொஞ்சம், அதுலயும் பாதி இப்படிப் போயிடும். மழை பேஞ்சா பக்கத்து சாக்கடை வழிஞ்சு அதே குழியில நிக்கும். சப்ளை நின்னதும் குழாய் காலியாகுது, காலியான குழாய் வெளிய இருக்குறதை உள்ள இழுக்கும், பக்கத்துல சாக்கடைத் தண்ணி நின்னா அதைத்தான் இழுக்கும். இது பொறியாளர் அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. எங்க தெருவுல எந்த வீட்டுலயும் இந்தத் தண்ணியை காய்ச்சாம குழந்தைக்கு குடுக்குறது கிடையாது, முடிஞ்சவங்க கேன் வாங்குறாங்க.

இதுக்கு நாங்க மனு குடுக்காம இல்ல. வார்டு உறுப்பினர்கிட்ட, நகராட்சி ஆபீஸ்ல, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்லன்னு குடுத்த மனுவோட ரசீதெல்லாம் வீட்டுல பத்திரமா இருக்கு. வந்த பதில் எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான், நம்ம ஊருக்கு ஆளுக்கு இத்தனை லிட்டர் வழங்கப்படுது, அது போதுமான அளவுன்னு. ஊருக்கு மொத்தமா வர்ற தண்ணியை ஜனத்தொகையால வகுத்துச் சொல்ற அந்த சராசரியில எங்க குழி தெரியாது. தொட்டிக்கு பக்கத்துத் தெருவுல ரெண்டாவது மாடி சின்டெக்ஸ் வரைக்கும் தானா ஏறுது, எங்க தெருவுல தரைக்கு மேலயே வரல, ரெண்டையும் சேர்த்து சராசரி எடுத்தா நல்ல எண்ணுதான் வரும். தொட்டிப் பக்கத்துல இருக்குறவங்க மேல எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லைங்க, அவங்க குழாயைத் திறக்குறாங்க, தண்ணி வருது, அவ்வளவுதான்.

இப்ப தொட்டி விஷயத்துக்கு வர்றேன். தண்ணி பத்தாமதான் எங்களுக்கு வரலைன்னா புது தொட்டி கேக்குறது நியாயம். ஆனா எங்க சப்ளை முடிஞ்சு வால்வை மூடுற நேரத்துலயும் தொட்டியில தண்ணி மிச்சம் இருக்கு. தொட்டிக்கு வெளிய இருக்குற மட்டம் காட்டுற பலகையை ரோட்டுல நின்னாலே பாக்கலாம், யார் வேணா போய் பாருங்க. அப்ப தண்ணி இருக்கு, எங்ககிட்ட வர்ற வழியிலதான் கோளாறு.

அந்த வழியில எங்க கோளாறுன்னு தெரிஞ்சுக்க ஹார்டுவேர் கடையில பிரஷர் கேஜ் வாங்கி, அதை குழாய்ல மாட்டுறதுக்கு ஒரு இணைப்பு செஞ்சு, சப்ளை ஓடுற நேரத்துல வழியில இருக்குற தெரிஞ்சவங்க வீடுகள்ல வச்சுப் பார்த்தோம். தொட்டிக்கு பக்கத்துல சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோ. அதாவது தண்ணியை 14 மீட்டர் உயரத்துக்கு ஏத்துற பிரஷர். கடைவீதி முக்குல 1.1. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் பள்ளிக்கூடம், ரெண்டு இடமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், ஆனா பள்ளிக்கூடம் தாண்டினதும் 0.3. எங்க தெருவுல முள்ளு அசையவே இல்ல. தொட்டியில இருந்து கடைவீதி வரைக்கும் அவ்வளவு நீளத்துக்கு 3 மீட்டர்தான் குறையுது, அடுத்த ஒரு சின்னத் துண்டுல 8 மீட்டர் காணாம போகுது. குழாய் உடைஞ்சு கசிஞ்சா ரோடு நனையும், அங்க அப்படி எதுவும் இல்ல. அப்ப அந்த இடத்துல ஏதோ அடைச்சு நிக்குது.

எது அடைச்சு நிக்குதுன்னு சொன்னது எங்க பகுதிக்கு வால்வு திறக்குற அண்ணன். ரோடு அகலப்படுத்துனப்ப அங்க பழைய குழாயை எடுத்துட்டு வேற குழாய் இறக்குனாங்க, அன்னைக்கு கைவசம் 150 எம்எம் இல்லைன்னு ஒரு துண்டு 100 எம்எம் போட்டு இணைச்சுட்டாங்க, அது போக அங்க இருந்த ஒரு வால்வு மேல தாரு போட்டு மூடியாச்சு, அது முழுசா திறந்திருக்கா பாதி மூடியிருக்கான்னு இப்ப யாருக்கும் தெரியாது. இது எந்த ஃபைல்லயும் இல்ல, அவர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. வால்வு சாவியை எத்தனை சுத்து சுத்தினா எந்தத் தெருவுக்கு போகும்னு கண்ணை மூடிட்டு சொல்லுவார். அவரும் ஒப்பந்தத்துல வேலை பாக்குறவர்தான், நாளைக்கு ஆள் மாறினா அந்த விவரமும் அவரோட போயிடும்.

150 எம்எம் இருக்க வேண்டிய இடத்துல 100 எம்எம் இருந்தா என்ன ஆகும்னு வார்டு உறுப்பினர்களுக்காக சொல்றேன். குழாய்ல தண்ணி உரசிட்டுப் போறப்ப பிரஷர் குறையுறதை கணக்குப் போட நம்ம நாட்டுல பெரும்பாலும் ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரம்தான் பயன்படுத்துறாங்க. அதுல குழாயோட விட்டம் 4.87 அடுக்குல வருது. அதனால விட்டம் 150ல இருந்து 100 ஆனா, அதே அளவு தண்ணியை கடத்த உராய்வு இழப்பு 7 மடங்குக்கு மேல ஆகிடும். குழாய் பழசாகி உள்ள துரு ஏறினா அது தனி, குழாய் உள்ள எவ்வளவு வழுவழுப்புன்னு சொல்ற எண்தான் சி மதிப்பு, புது இரும்புக் குழாய்க்கு அது 130ன்னா துருப்பிடிச்சதுக்கு 80 வரைக்கும் குறையலாம், அதுல இழப்பு இன்னும் ரெண்டரை மடங்கு கிட்ட கூடும்.

இதே சூத்திரத்தை வச்சு உங்க புது தொட்டியைப் பாருங்க. புதுசு இப்ப இருக்குறதை விட 3 மீட்டர் உயரமா வருதாம். 14 மீட்டர் 17 ஆகுதுன்னு வச்சுக்கோங்க, அதே குழாய் வழியா போற தண்ணி எவ்வளவு கூடும்? சுமார் 11 சதவீதம். கோடிக்கணக்குல செலவு பண்ணி 11 சதவீதம், அதையும் வழியில இருக்குற வீட்டு மோட்டாரும் சம்பும் முதல்லயே இழுத்துக்கும். அந்த 100 எம்எம் துண்டை எடுத்துட்டு 150 போட்டா, அதே ஹெட்டுல அந்தத் துண்டு கடத்தக்கூடிய தண்ணி கிட்டத்தட்ட 3 மடங்கு. மத்த குழாயும் சேர்ந்து இழுக்குறதால கடைசியில எங்களுக்கு 3 மடங்கே கிடைச்சுடும்னு நான் சொல்லல, எவ்வளவு கிடைக்கும்னு மொத்த வலையமைப்பையும் மாடல்ல போட்டாதான் தெரியும். ஆனா எதுல கை வைக்கணும்ங்குறதுல எனக்கு சந்தேகமே இல்ல. பெரிய மோட்டாரைப் பத்தியும் ஒரு வார்த்தை, அது தண்ணியை தொட்டிக்குத்தான் ஏத்தும், தொட்டியில இருந்து எங்க தெருவுக்கு தள்ளாது. கரண்டு பில்லு கூடும், பழைய ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப்புல பிரஷர் ஏறி உடைப்பு கூடும்.

மாடல்னு நான் சொல்றது ஏதோ வெளிநாட்டு வித்தை இல்லைங்க. எந்த முனையிலயும் உள்ள வர்ற தண்ணியும் வெளிய போறதும் சமமா இருக்கணும், குழாய்கள் சேர்ந்த ஒரு வளையத்தை சுத்தி வந்தா ஹெட்டு இழப்பு கூட்டிக் கழிச்சு பூஜ்யம் ஆகணும், இந்த ரெண்டு விதியை வச்சு ஊர்ல இருக்குற ஒவ்வொரு குழாய்லயும் எவ்வளவு ஓடும், ஒவ்வொரு முனையிலயும் எவ்வளவு பிரஷர் நிக்கும்னு கண்டுபிடிக்குறதுதான் அது. 1936ல ஹார்டி கிராஸ்னு அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் இதை பேப்பர் பென்சில்ல போடுற முறையை எழுதினார், நாங்க டிப்ளமோவுல அதைத்தான் படிச்சோம். அதே கணக்கை ஆயிரக்கணக்கான குழாய்க்கு நொடியில போடுற இபிஏநெட் மென்பொருளை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993ல வெளியிட்டுச்சு, இன்னைக்கு வரைக்கும் அது இலவசம், பழைய லேப்டாப்லயே ஓடும். நம்ம நாட்டுல ஐஐடி பாம்பே, குழாய் விட்டத்தை செலவு குறைவா தேர்ந்தெடுக்குறதுக்கு ஜல்தந்த்ரான்னு ஒண்ணு செஞ்சு இலவசமா விட்டிருக்காங்க. காசு இல்லாததால மாடல் போட முடியலைன்னு யாரும் சொல்ல முடியாது.

உங்ககிட்டயும் மாடல் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப வேதனை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்குன திட்ட அறிக்கையில கடைசி பக்கங்கள் எல்லாம் மாடல் ரிசல்ட்டுதான். அதுல எங்க தெரு முனைக்கு 9 மீட்டர் பிரஷர்னு போட்டிருக்கு! குழிக்குள்ள இறங்கி கிண்ணத்துல தண்ணி புடிக்குற தெருவுக்கு 9 மீட்டர். எப்படி வந்துச்சுன்னு உக்காந்து பார்த்தேன். பழைய இரும்பு, ஏசி, பிவிசின்னு பாக்காம எல்லாக் குழாய்க்கும் சி மதிப்பு 140. ரோடு அகலப்படுத்துன இடத்துலயும் பழைய டிராயிங்படி 150 எம்எம். எல்லா வால்வும் முழுசா திறந்திருக்கு. எல்லா வீடும் 24 மணி நேரமும் சீரா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி எடுக்குது. நம்ம ஊர்ல ஒரு தெருவுக்கு ரெண்டு மணி நேரம் திறந்துவிட்டா அத்தனை வீடும் அதுக்குள்ள வாரத்துக்கு வேண்டியதை புடிக்குது, அந்த ஓட்டம் சராசரியை விட எத்தனையோ மடங்கு, ஓட்டம் 2 மடங்கானா இழப்பு 3.6 மடங்கு ஆகும். இதெல்லாம் கணக்குலயே இல்லாத மாடல் ஏட்டுச் சுரைக்காய்தான். அதை நம்பி, இருக்குற குழாய் நல்லாத்தான் இருக்கு, குறை தொட்டியிலன்னு முடிவு பண்ணியிருக்கீங்க.

அதே அறிக்கையில இருக்குற குழாய் விவரத்தை எடுத்து வீட்டு லேப்டாப்ல இபிஏநெட்ல நானும் போட்டுப் பார்த்தேன். பிரஷர் குறைஞ்சா எடுக்குற தண்ணியும் குறையும்னு கணக்குல எடுத்துக்குற வசதி 2020ல வந்த 2.2 பதிப்புல இருக்கு, விட்டு விட்டு சப்ளை பண்ற நம்ம மாதிரி ஊருக்கு அதுல போட்டாதான் சரியா வரும். வால்வு அண்ணன் சொன்ன இடத்துல 150ன்னே வச்சுட்டா எங்க தெருவுக்கு தண்ணி நல்லா வர்ற மாதிரிதான் காட்டுது. அதை 100 ஆக்கி வால்வையும் பாதி மூடினதா வச்சதும், நாங்க கேஜ்ல பார்த்த எண்ணுக்கு பக்கத்துல வந்து நிக்குது. இது முடிவான தீர்ப்பு இல்ல, எங்க தோண்டணும்னு சொல்ற ஆதாரம். ஒரு நாள் கூலிக்கு ஆள் விட்டு அந்த இடத்தைத் தோண்டினா உண்மை தெரிஞ்சுடும், கோடி ரூபாய் தொட்டிக்கு முன்னாடி அந்தக் குழியைத் தோண்டக் கூடாதா?

மட்டம் எடுத்த விதமும் சரியில்ல. அறிக்கையில முனைகளோட உயரத்தை சாட்டிலைட் படத்துல இருந்து எடுத்ததா எழுதியிருக்கு. அந்தத் தரவுல சில மீட்டர் பிழை வர்றது சாதாரணம். மத்திய அரசோட குடிநீர் கையேடு 1999 பதிப்புல தரைத்தளம் மட்டும் இருக்குற வீட்டுக்கு குறைஞ்சது 7 மீட்டர், அதுக்கு மேல ஒரு மாடி இருந்தா 12, ரெண்டு மாடி இருந்தா 17 மீட்டர் ஹெட்டு இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. 7 மீட்டரைத் தேடுற இடத்துல சில மீட்டர் பிழையோட மட்டம் எடுத்தா அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. லெவல் கருவி வச்சு தெருத் தெருவா எடுக்கணும், பாலிடெக்னிக் பசங்களுக்கு இது சர்வே பாடம்.

இதெல்லாம் நடக்காத காரியம்னு நினைக்காதீங்க. கர்நாடகாவுல ஹூப்ளி தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்கள்ல குறிப்பிட்ட பகுதிகளைப் பிரிச்சு 2008லயே 24 மணி நேரமும் தண்ணி குடுத்துக் காட்டினாங்க. ஒடிசாவுல பூரி நகரம் முழுக்க 2021 ஜூலையில இருந்து குழாய்ல வர்றதை அப்படியே குடிக்கலாம்ங்குற அளவுக்கு கொண்டு வந்தாங்க. ஊரை சின்ன சின்ன மண்டலமாப் பிரிச்சு, உள்ள எவ்வளவு போகுது, எவ்வளவு வீட்டுக்கு சேருதுன்னு மீட்டர் வச்சு அளந்து பாக்குறது இதுக்கெல்லாம் அடிப்படை. 2024ல வந்த புதுக் கையேடே அந்த வழியைத்தான் சொல்லுது. நாங்க உடனே 24 மணி நேரம் கேக்கல. குழி இல்லாம, ராத்திரி கண் முழிக்காம, தரைக்கு மேல ஒரு குழாய்ல குடத்தை வச்சு புடிக்கணும், அவ்வளவுதான்.

அதனால உங்ககிட்ட நேரடியா கேக்குறோம்.

புது தொட்டிக்கும் மோட்டாருக்கும் டெண்டர் விடுறதை, கீழ சொல்றது முடியுற வரைக்கும் நிறுத்தி வைங்க. தொட்டியே வேண்டாம்னு நாங்க சொல்லல, சரியான மாடல் போட்ட பிறகு தொட்டி தேவைன்னு வந்தா முதல் ஆளா நாங்களே ஆதரிப்போம்.

கடைவீதி முக்குல இருந்து பள்ளிக்கூடம் தாண்டுற வரைக்கும் இருக்குற துண்டை இந்த மாசத்துக்குள்ள தோண்டிப் பாருங்க. தாருக்கு அடியில இருக்குற வால்வை வெளிய எடுத்து முழுசா திறந்து, 100 எம்எம் குழாய் இருந்தா மாத்துங்க. தோண்டுற அன்னைக்கு எங்க தெருவுக்கு தகவல் சொல்லுங்க, நாங்க கூட நிக்குறோம்.

வால்வு திறக்குறவங்க எல்லாரையும் ஒரு வாரம் உக்கார வச்சு, அவங்களுக்குத் தெரிஞ்ச குழாய், வால்வு, இணைப்பு அத்தனையும் வரைபடத்துல ஏத்துங்க. அந்த வாரத்துக்கு அவங்களுக்கு தனியா சம்பளம் குடுங்க, அது அவங்க அறிவுக்கான கூலி.

அந்த வரைபடத்தை வச்சு மாடலைத் திரும்பப் போடச் சொல்லுங்க, மட்டம் நேர்ல எடுத்து, சப்ளை நேரத்துல ஒவ்வொரு வார்டுலயும் கேஜ் வச்சு அளந்து, மாடல் காட்டுறதும் கேஜ் காட்டுறதும் ஒத்துப்போற வரைக்கும் பில்லு பாஸ் பண்ணாதீங்க. கேஜ் வைக்க எங்க பகுதியில வீடுகள் தயாரா இருக்கு, என்னோட கணக்கு ஃபைலையும் தர்றேன், தப்பு இருந்தா உங்க பொறியாளர்கள் திருத்தட்டும்.

கடைசி வீட்டுக் குழாய்ல குளோரின் லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கான்னு சப்ளை நாள்ல எங்க தெருவுலயே எடுத்துப் பாருங்க, தொட்டிக்கு அடியில எடுக்குற சாம்பிள் எங்களுக்கு உதவாது.

மாடலையும், அளந்த எண்களையும், எந்தக் குழாய் எப்ப மாத்தப்படும்ங்குற வரிசையையும் நகராட்சி அறிவிப்புப் பலகையில தமிழ்ல ஒட்டுங்க. அடுத்த நகர்மன்றக் கூட்டத்துல இதை அஜெண்டாவுல சேர்த்து, சேர்த்தாச்சுன்னு எங்களுக்கு எழுத்துல பதில் குடுங்க.

இப்படிக்கு,
கடைக்கோடி தெருவுல குடியிருக்குற ஒரு குடிநீர் இணைப்புதாரர்